கழுதைப் படத்தில் வெட்டிய நான்கு நிமிடம்

போன மாதம் சரவணன் வீட்டுக்கு வந்தான். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த தியேட்டரில் இப்போது அவன்தான் ஆபரேட்டர். வெளிநாட்டுப் பழைய நாவல் ஒன்றை மறுபடியும் கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார்களாம். முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்ததாம், குடும்பத்தோடு பார்க்கலாமாம். "நீங்க ஓட்டுன அதே கழுதைப் படம்தான் சார். ஆனா இதுல கழுதை சாகாது" என்றான், என்னவோ எனக்கு நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி. அதோடு விட்டானா? ஆபரேட்டர்கள் சேர்ந்து சிறப்பு மலர் போடுகிறார்கள், பிலிம் காலத்து இனிய நினைவுகளை எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டான்.

இனிய நினைவுகள் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மெஷின் விளக்குக்காகக் கார்பன் குச்சி எரிகிற புகையை முப்பது வருடம் குடித்தவன் நான். இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சித்திரையில் ஆபரேட்டர் அறைக்குள் பனியனோடு நின்றாலும் வேர்வை காலில் இறங்கும். பிலிம் போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. சரவணன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறான், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தக் கழுதை சாகாது என்று சொன்னானே, அதைக் கேட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மில் தொழிலாளி. நான் மில்லுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துத் தியேட்டரில் சேர்ந்தேன். நான்கு வருடம் ரீல் சுற்றினேன், லென்ஸ் துடைத்தேன், மூத்த ஆபரேட்டரிடம் வசவு வாங்கினேன். பிறகு பரீட்சை எழுதி ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினேன். கையடக்கமான ஒரு புத்தகம், உள்ளே என் போட்டோ. அந்தப் புத்தகம் இருக்கிறவரைக்கும்தான் எனக்குச் சோறு. அது போனால் அப்பாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு மில் வாசலில் நிற்க வேண்டும். லைசென்ஸ் போவதற்கு வழிகள் பல இருந்தன. அதில் முக்கியமானது, சென்சார் அனுமதித்த படத்தில் கை வைப்பது. ஒரு அடி கூட்டக் கூடாது, ஒரு அடி குறைக்கக் கூடாது.

எங்கள் முதலாளிக்கு இரண்டு தியேட்டர்கள். ஒன்று ராஜபாளையத்தில், இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மேனேஜர், அழகர்சாமி. அவரை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கெட்ட மனிதர் இல்லை. கத்த மாட்டார், திட்ட மாட்டார், நெற்றியில் திருமண் கலையாமல் காலையில் எப்படி வந்தாரோ அப்படியே இரவில் போவார். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்ப்பார். எதையும் 'செய்' என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் சுருக்கிரலாமே" என்பார், "உங்களுக்குத் தெரியாததா" என்பார். பாட்டு நீளம் என்றால் சுருக்க வேண்டும், இடைவேளை நீளம் என்றால் சுருக்க வேண்டும், நான் லீவு கேட்டால் அதையும் சுருக்க வேண்டும். எதையும் எழுத்தில் தர மாட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் அவர் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார். பதினோரு வருடம் அவரிடம் ஒரு 'முடியாது' சொல்லத் தெரியாமல் வேலை பார்த்தேன். இதில் அவர் மேல் பாதி எரிச்சல் என்றால் என் மேல் மீதி.

அப்போது சின்னப் படங்களுக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டுதான் வரும். இதை ஷிஃப்டிங் என்போம். ராஜபாளையத்தில் ஒரு காட்சியை முதலில் தொடங்குவோம். முதல் இரண்டு ரீல் ஓடி முடிந்ததும் அதைத் திரும்பச் சுற்றித் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால், கருப்பையா மொபெட்டில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறப்பார். அங்கே அந்த இரண்டு ரீலை ஓட்ட ஆரம்பித்ததும் அவர் திரும்பி வந்து மிச்ச ரீல்களைக் கொண்டுபோவார். கருப்பையாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். வழியில் ஒரு பஞ்சர் ஆனால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனம் விளக்கு வெளிச்சத்தில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழகிப்போன ஜனம். "பெட்டி வருதாம்" என்று சொல்லிவிட்டுக் கடலை வாங்கப் போய்விடுவார்கள்.

வீடியோ கேசட் வந்து கூட்டம் குறைந்திருந்த நேரம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைக் காட்சி போடலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தது. அப்படி வந்ததுதான் அந்தப் படம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அதன் பெயரை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் அது கழுதைப் படம். கடலுக்குள் ஒரு பாறை, அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம். விளக்கைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு மகள். அந்த வீட்டில் ஒரு கிழட்டுக் கழுதை. விளக்குக்கு எண்ணெய் டின் சுமந்துபோவதுதான் அதற்கு வேலை. முக்கால் படம் அது செய்கிற சேட்டைதான். சிரித்துச் சிரித்துப் பிள்ளைகள் நாற்காலியைவிட்டு விழுந்தார்கள். கடைசியில் பெரிய புயல். அப்பாவுக்குக் காலில் அடி. எண்ணெய் இல்லாமல் விளக்கு அணையப்போகிறது, கடலில் கப்பல்கள். கழுதை தனியாக எண்ணெயைச் சுமந்து படியேறுகிறது. விளக்கு எரிகிறது, கப்பல்கள் பிழைக்கின்றன. விடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து பார்த்தால், கழுதை மேல்படியில் படுத்துக் கிடக்கிறது. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறாள். நான்கு நிமிடம். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது, அலைச் சத்தம் மட்டும். பிறகு அவள் படிப்பதற்காகப் படகேறி வேறு ஊருக்குப் போகிறாள், முடிந்தது.

முதல் நாள் ராஜபாளையத்தில் அந்த நான்கு நிமிடத்தில் ஐந்நூறு பிள்ளைகளும் அழுதார்கள். நான் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேம்பித் தேம்பி அழுதார்கள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. ஆனால் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் மேனேஜர் அறைக்கு வந்து, சின்னப் பிள்ளைகளை அழவைக்கவா கூட்டி வந்தோம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாளுக்குச் சொல்லிவைத்திருந்த பள்ளிகள் வராமல் போய்விடுமோ என்று மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது. வழக்கமாக மாடி ஏறாத மனிதர் அன்று ஏறி வந்தார்.

"அந்தக் கழுதை விசயத்தைக் கொஞ்சம் சுருக்கிரலாமே" என்றார், மணிக்கட்டைப் பார்த்தபடி.

பிரதிநிதிக்குத் தெரிந்தால் என் லைசென்ஸ் போய்விடும் என்றேன். பிரதிநிதி என்றால் வசூல் கணக்குப் பார்க்கப் படக் கம்பெனி பெட்டியோடு அனுப்பி வைக்கிற ஆள். மதுரைக்காரர். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் தங்கியிருந்தார்.

"அவருக்கு எப்படித் தெரியும்? டிக்கெட்டை எண்ணுவாரா, படத்தைப் பார்ப்பாரா? பெட்டி திரும்பிப் போறதுக்கு முன்னால நீங்க ஒட்டிரப் போறீக. உங்களுக்குத் தெரியாததா?"

ரீல் சுற்றுகிற மேசையில் உட்கார்ந்து வெட்டினேன். அதை எப்படிச் செய்தேன் என்று சரவணன் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிலிமில் படமும் ஒலியும் ஒரே இடத்தில் இருக்காது. ஒலி இருபது கட்டம் முன்னால் ஓடும். படத்தைப் பார்த்து வெட்டினால் சத்தம் பாதியில் அறுபடும், சத்தத்தைப் பார்த்து வெட்டினால் படம் குதிக்கும். நான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலைச் சத்தம் வருகிற இடமாகத் தேடினேன். முன்பக்கம் விளக்கு எரிவதோடு வெட்டினேன், பின்பக்கம் படகு தெரிகிற இடத்தில் வெட்டினேன். பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, ஓர ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, பத்து எண்ணுகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. செய்தது திருட்டு வேலை, அதிலும் நேர்த்தியாகச் செய்தேன் என்று அப்போது ஒரு பெருமை வேறு. வெட்டிய துண்டைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, மேசைக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் ராஜபாளையத்தில் பிள்ளைகள் யாரும் அழவில்லை. கழுதை எங்கே போனது என்று சில பேர் கேட்டார்களாம். வாத்தியார்கள் அதட்டிக் கூட்டிப்போய்விட்டார்கள். மேனேஜர் போனில் என்னைப் பாராட்டினார். அன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அங்கே மதியக் காட்சிக்குப் பெரிய நடிகரின் புதுப் படம், காலையிலேயே ரசிகர்கள் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே காலைக் காட்சிக்கு மம்சாபுரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கூட்டிவந்தவர் ஜெயராணி டீச்சர். இவர்தான் தலைமை ஆசிரியரிடம் மன்றாடி அனுமதி வாங்கியவர். கண்டிப்பானவர். படம் முடிகிறவரைக்கும் ஒருத்தரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று பஸ் ஏறும்போதே சொல்லிவைத்திருக்கிறார். முதல் இரண்டு ரீல் முடிந்தது. கருப்பையா மிச்சப் பெட்டியோடு வந்துசேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. பிள்ளைகள் சலசலக்க ஆரம்பித்ததும் மேனேஜரே திரைக்கு முன்னால் போய் நின்று சொல்லியிருக்கிறார்: "மீதிப் படம் ராஜபாளையத்துல இருந்து வந்துக்கிட்டு இருக்கு. சத்தம் போடாம உட்கார்ந்திருந்தீகன்னா வந்துரும்." அவர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள், வந்தது, போட்டார்கள். பிள்ளைகள் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டாயிற்று. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. டீச்சர் கைதட்டினார், எழுந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று, "கழுதை மாடிக்குப் போனது இன்னும் இறங்கலை டீச்சர். அது ராஜபாளையத்துல இருந்து வரணும்" என்றதாம். முந்நூறு பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். இதில் என் வயிறு எரிகிற விஷயம், அந்தப் பிள்ளை சொன்னது அத்தனையும் உண்மை. கழுதை ராஜபாளையத்தில்தான் இருந்தது, என் மேசைக்கு அடியில், பிஸ்கட் டின்னில்.

மேனேஜர் வந்து படம் முடிந்துவிட்டது என்று பக்குவமாகச் சொன்னார். டீச்சர் அவரைப் பார்த்து, "அப்ப கழுதை என்னாச்சுன்னு நீங்களே சொல்லுங்க சார், எனக்கும் தெரியலை" என்றார். பின்வரிசையில் பிரதிநிதி நிற்கிறார். செத்துப்போயிற்று என்று சொன்னால், எங்கே காட்டுங்கள் என்று அவர் கேட்பார். மேனேஜர் மணிக்கட்டைப் பார்த்தார். "கழுதை நல்லா இருக்கு. வீட்டுக்குப் போயிருச்சு" என்றார். பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பக் காட்டுங்க" என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். இதையெல்லாம் அங்கிருந்த ஆபரேட்டர் பிறகு எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளை அடித்துக் கிளப்ப டீச்சர் சம்மதிக்கவில்லை. வெளியே ரசிகர்கள் கேட்டை உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரதிநிதி மேனேஜர் அருகில் போய், "சார், ஒரு சீனே காணமே" என்று கேட்டுவிட்டார்.

எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்றேகால். "நீங்க வெட்டி வச்சிருக்கீகளே ஒரு துண்டு, அது பத்திரமா இருக்கா?" என்றார் மேனேஜர். அதே மெல்லிய குரல்.

"நீங்க வெட்டச் சொன்ன துண்டுதானே சார்?"

"அதைப் பொறவு பேசிக்கிருவோம். எடுத்துக்கிட்டு வாங்க."

அதற்குள் ராஜபாளையம் திரும்பியிருந்த கருப்பையாவுக்குப் பின்னால் மொபெட்டில் உட்கார்ந்தேன், டின் என் மடியில். பாதி வழியில் ஒரு கண்மாய்க் கரை அருகே அவர் வண்டியை நிறுத்தினார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். டின்னத் தண்ணியில வீசிருங்க. துண்டு கையில இருந்தாத்தானே நீங்க வெட்டுனதாகும்? இல்லைன்னா பிலிம் வரும்போதே இப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லிரலாம். லைசென்ஸ் போச்சுன்னா யாரு சோறு போடுவா?"

பொய் சொல்லவில்லை, எனக்கு அந்த ஆசை இருந்தது. கண்மாயில் தண்ணீர் நிறையக் கிடந்தது. டின்னின் மூடியைத் திறந்துகூடப் பார்த்தேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. என்னைத் தடுத்தது கோபம்தான். துண்டு இல்லை என்று போய் நின்றால் அந்த மனிதர் நிம்மதியாக மூச்சுவிடுவார். நானும் அவரும் சேர்ந்து பிள்ளைகளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல வேண்டும். அதைச் சுருக்கமாக எப்படிச் சொல்வது என்று அவர் எனக்குச் சொல்லித்தருவார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. "வண்டியை எடுங்க" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் பின்வாசல் வழியாக மாடி ஏறினேன். பிரதிநிதி வாசலிலேயே நின்றார். டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். துண்டின் தலையில் வெற்றுப் பிலிம் கொஞ்சம் ஒட்டி, மெஷினில் மாட்டினேன். கார்பனைப் பற்றவைத்தேன். விளக்கை அணைத்ததும் கீழே முந்நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் "வந்துருச்சு" என்றார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு சத்தமே இல்லை. மேல்படியில் கழுதை கிடந்தது. அந்தப் பெண் ஓடி வந்தாள், தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அலைச் சத்தம் வந்தது. ஓரிடத்தில் விசும்பல் தொடங்கி அரங்கம் முழுக்கப் பரவியது. நான்கு நிமிடம் முடிந்து திரை வெளுத்ததும் விளக்கைப் போட்டேன். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எழுந்தார்கள், வரிசை சேர்ந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே நடந்தார்கள். ஒரு மணி நேரம் மேனேஜரால் முடியாதது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கேட்டில் கத்திக்கொண்டிருந்த ரசிகர்கள்கூட அந்த வரிசைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்களாம்.

நான் டின்னோடு படியிறங்கி வந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு பெண், பத்து வயதிருக்கும், மூக்கெல்லாம் சிவந்திருந்தது. கழுதை இறங்கவில்லை என்று சொன்ன பிள்ளை அதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார். அது என் முன்னால் நின்றது.

"நீங்கதான் ராஜபாளையத்துல இருந்து கொண்டாந்தீகளா?"

ஆமாம் என்றேன்.

"செத்துப்போச்சுன்னு முதல்லயே காட்டிருக்கலாம்ல? எம்புட்டு நேரம் உட்கார்ந்திருந்தோம், அது வந்துரும்னு."

வெட்கமாக இருந்தது. பதினோரு வருட வேலையில் யார் யாரோ திட்டியிருக்கிறார்கள், திரை மங்கலாக இருந்தால் அம்மா அப்பாவை எல்லாம் இழுத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை கேட்டது மாதிரி ஒன்றும் உள்ளே போகவில்லை. டீச்சர் அதன் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது, அவருடைய முத்து முத்தான கையெழுத்தில். பிலிம் மெஷினில் சிக்கி அறுந்ததாகவும், என் கவனக்குறைவால் ஒட்டும்போது ஒரு பகுதி விடுபட்டதாகவும், இதற்கு நானே பொறுப்பு என்றும் எழுதியிருந்தது. கீழே என் பெயர். பிரதிநிதி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். "சும்மா ஒரு கையெழுத்துதான். நான் மேல பேசிக்கிறேன்" என்றார் மேனேஜர்.

வேறொரு தாள் கேட்டு வாங்கினேன். நின்றபடியே எழுதினேன். 'கழுதை இறக்கிற காட்சியை வெட்டியவன் நான். வெட்டச் சொன்னவர் மேனேஜர்.' கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் நம்பரையும் எழுதினேன்.

அவர் படித்தார். வெகுநேரம் படித்தார், இருந்ததோ இரண்டு வரி. பிறகு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "முதல் வரியே போதுமே. ரெண்டாவதைக் கொஞ்சம் சுருக்கிரலாமே" என்றார்.

"முடியாது சார்" என்றேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு வேலை இல்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என்னை ஒன்றும் கேட்காமல் இருந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது. லைசென்ஸ் எச்சரிக்கையோடு தப்பியது, வேறு ஆள் கிடைக்காமல் என்னையே திரும்பக் கூப்பிட்டார்கள். அழகர்சாமி கடைசிவரை மேனேஜராக இருந்துதான் ஓய்வு பெற்றார், அவர் கழுத்தில் மாலை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள், போட்டேன். இதெல்லாம் தெரியாமல்தான் சரவணன் வந்து கழுதை சாகாது என்கிறான். சாகாமல் இருக்கட்டும், எடுத்தவர்கள் இஷ்டம். மலருக்கு இதில் எதையாவது சுருக்க வேண்டும் என்றால் மட்டும் என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கும் அந்தத் தாளை மேனேஜர் கையில் விட்டுவிட்டு வரவில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனேன், பெஞ்சில் இருந்த பிரதிநிதி கையில் இரண்டு வரியையும் முழுசாகக் கொடுத்தேன்.